இசைத்தட்டும் இசைவிடுதியும்

நூலாய்வோனுக்கு ஏடு உண்டு. சிற்பம் ஆய்வோனுக்குக் கல் உண்டு. இசையை ஆராயப் புகுவோனுக்கோ கையிற் பிடித்து ஆராய்தற்குரிய பொருள் எளிதிற் கிடைப்பதில்லை. இசைத்தவர் ஓய்ந்த கணத்தே இசையும் மறைந்துவிடுகின்றது. முன்னரே எழுதி அமைக்கப்பட்ட இசைக்கு எழுத்துக் குறியீடாவது எஞ்சும். இசைக்கும்பொழுதே கற்பித்து இசைக்கப்படுவதற்கு அதுவும் இல்லை. அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களிடையே தோன்றி, இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவிய ஜாஸ் என்னும் இசை இத்தன்மையது. ஒரு மெட்டையும் அதற்கு அடிநிலையாகிய சுர இசைவுகளையும் எடுத்துக்கொண்டு, அன்றைய இரவில், அங்குள்ள கூட்டத்தின் முன்னர், கலைஞன் தன் மனோதர்மத்தால் விரித்துச் செல்வதே அதன் உயிர்நிலையாகும். இராக ஆலாபனையையும் கற்பனைச் சுரத்தையும் கேட்டுப் பழகிய நமக்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று.

இவ்விசை வாழ்ந்த இடம் இசைவிடுதி. அது தங்கிய இடம் இசைத்தட்டு. ஆதலின் ஜாஸ் இசையைப் பற்றிப் பேசுவோர் தொடக்கமுதலே இரு திறத்தினராயினர். ஒரு சாரார் தட்டுகளைத் தேடிச் சேர்த்து, அவற்றையே சான்றாகக் கொள்வோர். மற்றையோர், விடுதியில் நேரே இருந்து கேட்டோம் என்றும், தட்டில் உள்ளது வெறுங்கூடே என்றும் கூறுவோர். இவ்விரு திறத்தாருள் யார் கூற்றுக் கொள்ளத்தக்கது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது. எழுதுவோனுக்கு இவ்வினா வெறும் பொழுதுபோக்கன்று. யான் நியூயோர்க் நகரைக் கண்டவனல்லன். டேவ் புருபெக் 1958-இலும் டியூக் எலிங்டன் 1963-இலும் இலங்கைக்கு வந்து இசைத்தனர். யான் பிறந்ததோ அவற்றுக்கு நெடுநாட் பின்னர். யான் அறிந்த ஜாஸ் அனைத்தும் தட்டும் இறுவட்டும் தந்ததேயாம். அவ்வறிவு அறிவாகுமா என்பதே வினா.

சேகரிப்போர் ஆற்றிய தொண்டு முதற்கண் கூறத்தக்கது. தட்டுகளை வெளியிட்ட நிறுவனங்கள் அவற்றை விற்பனைப் பண்டங்களாகவே கருதின. தட்டின்மேற் குழுத்தலைவர் பெயரன்றி ஏனையோர் பெயர் பெரும்பாலும் இராது. எக்கருவியை யார் இசைத்தார், எந்நாளில் இசைத்தார் என்பவற்றை, தட்டிற் பொறிக்கப்பட்ட இலக்கங்களைக் கொண்டும், முதிய கலைஞரை வினவியும், செவியால் ஒப்புநோக்கியும் நிறுவியவர்கள் ஊதியம் கருதாத ஆர்வலர்களே. 1936-இல் பாரிஸ் நகரில் சார்ள் டெலோனே வெளியிட்ட இசைத்தட்டு விவரப்பட்டியல் இத்துறைக்கு அடிகோலியது.

ஒரே மெட்டை ஒரே நாளிற் பலமுறை பதித்து, ஒன்றை வெளியிட்டு ஏனையவற்றை ஒதுக்கிவைத்தல் நிறுவனங்களின் வழக்கம். 1945 நவம்பர் 26-இல் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் சவோய் நிறுவனத்துக்காக இசைத்தவற்றுள், அவ்வாறு ஒதுக்கப்பட்டனவும் பின்னாளில் வெளிவந்தன. அவற்றை ஒப்பிட்டுக் கேட்போன், அக்கலைஞர் ஒருமுறை சென்ற வழியே மறுமுறை செல்லாமையைக் கண்டு வியப்பான். ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த மண்ணினராகிய நமக்கு இப்பணியின் அருமை சொல்லாமலே விளங்கும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஏடாய்வோன் பல பாடங்களுள் மூலபாடம் ஒன்றைத் தேடுகின்றான். ஜாஸ் இசையிலோ எல்லாப் பாடங்களும் மூலமேயாம்.

இனி, இத்தொண்டிற் பொதிந்துள்ள குறையைக் காண்போம். வரலாறு தட்டோடு தொடங்குகின்றது எனக் கொள்வோன் முதலடியிலேயே இடறுகின்றான். முதலாவது ஜாஸ் இசைத்தட்டு எனப் பொதுவாகக் கொள்ளப்படுவது 1917 பெப்ரவரி 26-இல் நியூயோர்க்கில் விக்டர் நிறுவனம் பதித்தது. இசைத்தவர்கள் ஒரிஜினல் டிக்ஸிலாந்து ஜாஸ் பாண்ட் என்னும் வெள்ளையர் குழுவினர். நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் பழங்கலைஞர் பலர் தமக்கு முன்னோடியாக நினைவுகூர்ந்த பட்டி போல்டன் என்னும் கோர்ணெற் வாத்தியக்காரரோ, 1907-இலேயே மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு, 1931-இற் காலமானார். அவர் ஊதிய ஓசை ஒரு துளியேனும் இன்று கேட்கக் கிடைப்பதில்லை. தட்டுகளை மட்டும் அடுக்கி வரலாறு வரைந்தால், கறுப்பின மக்கள் படைத்த இசை வெள்ளையரிடத்தே தொடங்கியதாக முடியும். இத்தவற்றைத் தடுத்து நிற்பது நினைவு ஒன்றே.

தட்டிற் பதிந்ததுதானும் முழுமையாகப் பதிந்ததன்று. சிக்காகோ நகரில் லிங்கன் கார்டன்ஸ் என்னும் ஆடலரங்கில் கிங் ஒலிவர் குழுவினர் இசைத்துப் புகழ்பெற்றனர். இளைஞரான லூயி ஆம்ஸ்ட்றோங் அக்குழுவில் இரண்டாவது கோர்ணெற் ஊதினார். 1923 ஏப்பிரலில் அக்குழுவினர் இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் ஜெனெற் நிறுவனத்துக்காக இசைத்தனர். அது மின்னொலிவாங்கி வழக்குக்கு வராத காலம். ஒலியைத் திரட்டும் கூம்பு ஒன்றின்முன் நின்று இசைத்தல் வேண்டும். பெருமுரசின் அதிர்வு பதிவைக் கெடுக்கும் ஆதலின், பேபி டொட்ஸ் தம் முரசுகளை விடுத்து மரக்கட்டைகளைத் தட்ட நேர்ந்தது. ஆம்ஸ்ட்றோங்கின் ஓசை ஏனையோர் ஓசையை மேவியமையால் அவரைத் தொலைவிலே நிறுத்தினர் என்று, அக்குழுவிற் பியானோ இசைத்த லில் ஹார்டின் பின்னாளிற் கூறியுள்ளார். மேலும், தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே அடங்கும். ஆடுவோர் களைக்கும்வரை நீண்ட இசை மூன்று நிமிடத்தில் முடிந்தது. அக்காலத்து ஜாஸ் சுருக்கமும் மென்முரசும் உடையது எனக் கொள்வோன், கருவியின் குறையைக் கலையின் இயல்பென மயங்குபவனாவான்.

இத்தகைய மயக்கத்துக்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு நியூயோர்க் ஹார்லெம் பகுதியில் 1938-இல் தொடங்கிய மின்ரன்ஸ் பிளேஹவுஸ் என்னும் விடுதி. 1940-இல் அதன் நிருவாகத்தை ஏற்ற ரெடி ஹில், தெலோனியஸ் மங்க் பியானோவும் கெனி கிளார்க் முரசும் இசைக்க ஒரு குழுவை அமர்த்தினார். தத்தம் இரவுப் பணி முடிந்த கலைஞர்கள் அங்குக் கூடி, விடியும்வரை ஒருவரோடொருவர் போட்டியிட்டு இசைத்தனர். பீபொப் எனப் பெயர்பெற்ற புதிய நெறி இத்தகைய இடங்களிற் கருக்கொண்டது. ஆயின் 1942 ஆகஸ்ட் முதலாந் திகதி, இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்குத் தடை விதித்தது. பெரு நிறுவனங்கள் சில 1944 நவம்பர்வரை இணங்கவில்லை. பார்க்கரும் டிஸி கிலெஸ்பியும் ஒருங்கிருந்த ஏர்ல் ஹைன்ஸ் குழு 1943-இல் ஒலிப்பதிவு நிலையம் எதனுள்ளும் புகவில்லை. ஆதலின் தடை நீங்கியபின் வெளிவந்த தட்டுகளைக் கேட்டோருக்குப் புதிய நெறி வானினின்று வீழ்ந்ததுபோலத் தோன்றியது. அது படிப்படியாக வளர்ந்தமையை அறிந்தவர்கள் விடுதியில் இருந்தவர்களே. நற்பேறாக, ஜெரி நியூமன் என்னும் மாணவர் 1941-இல் ஒரு பதிகருவியை ஹார்லெம் விடுதிகளுக்குச் சுமந்து சென்றார். 1942 மார்ச்சில் இளமையிலேயே காலமான கிற்றார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன், மூன்று நிமிட வரம்பின்றி இசைத்ததை நாம் கேட்க முடிவது அவராலேயே.

அங்ஙனமாயின் நினைவே சிறந்த சான்று என்று கொள்ளலாமோ எனின், அதுவும் பொருந்தாது. நினைவு வளரும் இயல்புடையது. பங்க் ஜோன்சன் என்னும் முதிய ட்றம்பெற் கலைஞர், தாம் 1879-இற் பிறந்து போல்டனோடு இசைத்தவர் எனக் கூறினார். தட்டுச் சேகரிப்போர் அவரைத் தேடிக் கண்டு 1942-இல் இசைக்கச் செய்து பதித்தனர். அவர் பத்தாண்டு பிந்திப் பிறந்தவராதல் கூடும் எனப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். மின்ரன்ஸ் விடுதியைப் பற்றி நாவலாசிரியர் ரால்ப் எலிசன் 1959-இல் எழுதிய கட்டுரை ஒன்றும், இருபதாண்டு கழியுமுன்னரே அவ்விடம் புராணமாகிவிட்டமையை நுட்பமாக ஆராய்கின்றது. தட்டு குறைத்துச் சொல்லும் சாட்சி எனின், நினைவு கூட்டிச் சொல்லும் சாட்சி எனலாம்.

இவ்விரண்டனுக்கும் இடைப்பட்டது ஒன்று உண்டு. அஃது அன்பு மிகுதியாற் செய்யப்படும் பதிவு. டீன் பெனடெற்றி என்னும் சாக்ஸபோன் கலைஞர் 1947 மார்ச்சில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஹை-டி-ஹோ விடுதியிலும், 1948-இல் நியூயோர்க்கிலும் பார்க்கரைப் பதிவுசெய்தார். பார்க்கர் தனித்து இசைக்குங்காற் கருவியை இயக்கினார்; பிறர் இசைக்கத் தொடங்கியதும் பெரும்பாலும் நிறுத்திவிட்டார். தட்டும் நாடாவும் வீணாகலாகாது என்பது அவர் கருத்து. 1957-இல் அவர் மறைந்தார். பல்லாண்டு மறைந்துகிடந்த அப்பதிவுகளை மொசெயிக் நிறுவனம் 1990-இல் ஏழு இறுவட்டுகளாக வெளியிட்டது. கேட்போன் அடையும் உணர்ச்சி இருவகைத்து. பார்க்கரின் கற்பனை இரவுக்கிரவு பெருகிய வகையை இவ்வளவு நெருங்கிக் காட்டுவது வேறொன்றில்லை. ஆயினும் யாருக்கு மறுமொழியாக அவர் இசைத்தார், அவர் ஓய்ந்தபின் யார் எவ்வாறு தொடர்ந்தார் என்பவை அறுபட்டுப்போயின. வினாக்களை நீக்கி விடைகளை மட்டும் எழுதிய ஏட்டுக்கு இதனை ஒப்பிடலாம். சேகரிப்போர்க்கு இயல்பான பெருங்குற்றம் இதுவே. விரும்பியதைக் காக்க முயன்று, அது வாழ்ந்த சூழலை வெட்டி எறிந்துவிடுகின்றனர்.

நினைவும் பதிவும் ஒன்றையொன்று தாங்கிய இடமும் உண்டு. மங்க், நியூயோர்க் மாநகரில் மது விற்கும் விடுதிகளில் இசைத்தற்கு வேண்டிய பொலிஸ் அனுமதிச்சீட்டை 1951-இல் இழந்து, ஆறாண்டு அவ்விடுதிகளுக்குப் புறம்பாயிருந்தார். 1957-இல் அதனை மீளப்பெற்று, பைவ் ஸ்பொட் என்னும் சிறு விடுதியில் ஜோன் கொல்ற்றேனோடு பல மாதம் இசைத்தார். கேட்டோர் அதனை வாழ்நாள் முழுதும் வியந்து பேசினர். தட்டிலோ அக்குழுவின் இசை மிகச் சிறிதே கிடைத்தது. எனவே, கேட்டோர் மிகைபடக் கூறினர் எனக் கருதவும் இடமிருந்தது. 2005-இல், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில், 1957 நவம்பர் 29-ஆம் நாள் கார்ணகி மண்டபத்தில் அதே குழு இசைத்ததை அமெரிக்கக் குரல் வானொலி பதித்த நாடாக்கள் கண்டெடுக்கப்பட்டன. பழையோர் கூறியது பொய்யன்று என்பது அவற்றாற் புலனாயிற்று. கண்டெடுக்கும்வரை அவ்விசையைக் காத்து வைத்திருந்தவை அவர்தம் நினைவுகளே.

இறுதியாக, யான் பலகாற் கேட்ட பதிவு ஒன்றனைக் கூறுவேன். மக்ஸ் கோர்டன் 1935-இல் நியூயோர்க்கில் தொடங்கிய வில்லேஜ் வான்கார்ட் என்பது நிலவறையில் அமைந்த ஒரு விடுதி, இன்றும் நடைபெறுவது. 1961 யூன் 25-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பில் எவன்ஸ் பியானோவும், ஸ்கொட் லாபாரோ பேஸும், போல் மோஷன் முரசும் அங்கு பிற்பகலும் இரவுமாக ஐந்து தடவை மேடையேறினர். பதினொரு நாளின் பின்னர், யூலை 6-ஆம் நாள், லாபாரோ இருபத்தைந்து வயதில் வாகன விபத்தில் இறந்தார். முதலில் வெளிவந்த தட்டு அவர் திறத்தைக் காட்டும் பகுதிகளைத் தெரிந்து தொகுத்தது. அவர் இயற்றிய மெட்டிலே தொடங்கி, அவர் இயற்றிய மெட்டிலேயே முடிவது. அஃது ஓர் இரங்கற்பா எனலாம். 2005-இல் அன்றைய நிகழ்ச்சி முழுவதும் நிகழ்ந்த வரிசையிலேயே வெளியிடப்பட்டபோது, மின்தடையால் அறுபட்ட முதற் பகுதியும் அறுபட்டவாறே இடம்பெற்றது.

அப்பதிவிற் கிண்ணங்கள் மோதும் ஓசை கேட்கின்றது. மேசைகளில் உரையாடுவோர் குரல் கேட்கின்றது. சிலர் கை தட்டுகின்றனர், அதுவும் மிகுதியாக அன்று. முதன்முறை கேட்டபொழுது, இத்தகைய இசையின்முன் பேசிக்கொண்டிருந்தவர்மேல் யான் சினங்கொண்டேன். பன்முறை கேட்டபின் அச்சினம் நீங்கியது. அவர்கள் அறியார், இசைத்தவரும் அறியார். அவர்களுக்கு அது மற்றுமொரு ஞாயிற்றுக்கிழமை. பின்னர் நிகழ்ந்ததை அறிந்த நாமே அவ்வோசைகளிற் சோகத்தைக் கேட்கின்றோம். தட்டு நமக்குத் தருவது, அங்கிருந்தோர் கேட்டதையன்று. அவர்கள் கேளாத ஒன்றையும் சேர்த்தே தருகின்றது. அவர்கள் பெற்று நாம் பெறாதது அவ்விரவு. நாம் பெற்று அவர்கள் பெறாதது, மீண்டும் கேட்டல்.

இதுகாறும் கூறியவற்றால், தட்டை மட்டும் நம்புதலும் நினைவை மட்டும் நம்புதலும் ஒருங்கே தவறு என்பது பெறப்படும். நல்ல சேகரிப்பாளன், தான் வைத்திருப்பது எது என்பதோடு, அதில் இல்லாதது எது என்பதையும் அறிந்தவன். அரிய தட்டு என்பதற்காக அதனைப் போற்றுவோன் வணிகனேயன்றி இரசிகனல்லன். கிண்ண ஓசையைக் களைந்து இசையைத் தூய்மைசெய்ய விரும்புவோன், அவ்விசை மனிதரிடையே பிறந்தது என்பதற்குள்ள சான்றையும் களைந்துவிடுகின்றான்.

யான் வெளிவாரி மாணவனாய் இருந்து பட்டம் பெற்றவன். பேராசிரியர் எவரது விரிவுரையையும் மண்டபத்தில் இருந்து கேட்டதில்லை. பலர் கைமாறி வந்த விரிவுரைக் குறிப்புகளே எனக்கு ஆசிரியராயின. அவற்றுள் ஒன்றன் ஓரத்தில், முன்பின் அறியாத மாணவர் ஒருவர், ‘இவ்விடத்தே ஆசிரியர் சிரித்தார்’ என்று குறித்திருந்தார். பரீட்சைக்கு அக்குறிப்பு உதவவில்லை. ஆயின் அப்பகுதி எனக்கு விளங்கியது அதனாலேதான். வான்கார்ட் விடுதியின் கிண்ண ஓசையைக் கேட்கும்பொழுதெல்லாம் அவ்வோரக் குறிப்பு நினைவில் எழுகின்றது. தொலைவிலிருந்து கற்போர் கற்கலாம், ஐயமில்லை. தாம் அங்கிருந்ததில்லை என்பதை மறவாதிருத்தல் ஒன்றே அவர்க்கு வேண்டுவது.