செயலியின் சொல்லை எவ்வளவு நம்புவது?

இயங்குதளத்தின் மையநிரலான கெர்னல் நினைவகத்தில் ஏறி ஓடத் தொடங்கிய சற்று நேரத்திலேயே, தனக்கு வாய்த்த செயலியை விசாரிக்கத் தொடங்குகிறது. எக்ஸ்86 குடும்பத்தில் இதற்கென்றே சிபியுஐடி என்றொரு கட்டளை இருக்கிறது. 1993இல் பென்டியத்தோடு பரவலான அந்தக் கட்டளைக்கு விடையாகச் செயலி சில எண்களைத் தரும். அவற்றின் பிட்டுகளைப் பார்த்து இன்ன வசதி உண்டு, இன்னது இல்லை என்று கெர்னல் தெரிந்துகொள்கிறது. 386இடமும் பல 486களிடமும் இப்படிக் கேட்க வழியில்லை. கொடிப் பதிவகத்தின் 18ஆம் பிட்டை மாற்றிப் பார்ப்பார்கள். மாறினால் 486, அசையாமல் நின்றால் 386. அன்று செயலியைச் செய்யவைத்துப் பார்த்தார்கள், இன்று சொல்லவைத்துக் கேட்கிறார்கள். இதனால் வந்த வசதி பெரிது என்பதில் ஐயமில்லை. அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதுதான் போதிய அளவு பேசப்படவில்லை.

வசதியை முதலில் சொல்லிவிடலாம். 64 பிட் கெர்னலை 32 பிட் மட்டுமே அறிந்த செயலியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். சோதனை இல்லையென்றால் கெர்னல் 64 பிட் நிலைக்கு மாற முயலும், செயலி பிழையெழுப்பும், அந்தப் பிழையை வாங்கிக்கொள்ள அந்நேரத்தில் எந்த ஏற்பாடும் இருக்காது. கணினி திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கிக்கொண்டே இருக்கும். ஏன் என்று பார்ப்பவருக்குப் புலப்படாது. லினக்ஸ் தன் ஆரம்ப நிரலிலேயே இதைக் கண்டறிந்து, தனக்கு எந்த வகைச் செயலி வேண்டும், கிடைத்தது எது என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. வேகமும் ஓர் ஆதாயம். ஒரு வசதி உண்டென்று தெரிந்ததும் கெர்னல் தன் நிரலின் பல இடங்களை அந்தச் செயலிக்குத் தோதான கட்டளைகளால் அங்கேயே மாற்றி எழுதிக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு முறையும் நின்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் தொடக்கத்தில் நம்பிய ஒரு பொய்யும் இதே வழியில் நிரலாக உறைந்துவிடும்.

இந்தச் சோதனை இரண்டு விதமாகத் தவறலாம்: இருக்கும் வசதியை இல்லை என்று கேட்டுக்கொள்ளலாம், பழுதான வசதியை உண்டு என்று நம்பிவிடலாம். முதல் வகைக்குப் பென்டியம் எம் நல்ல சான்று. 2003இல் வந்த முதல் தலைமுறைச் சில்லுகளில் பி.ஏ.இ. என்ற நினைவக வசதி வேலை செய்தது, ஆனால் சிபியுஐடி அதைச் சொல்லவில்லை. பி.ஏ.இ. கட்டாயம் என்ற கெர்னல்கள் நல்ல மடிக்கணினிகளைத் திருப்பியனுப்பின. 2014இல் லினக்ஸ் 3.15 ‘ஃபோர்ஸ்பிஏஇ’ என்றொரு தொடக்க அளவுருவைச் சேர்த்தது. பயனர் அதைக் கொடுத்தால் கெர்னல் பிட்டைப் பொருட்படுத்தாமல் ஓடும். கூடவே, செயலி அறிவித்த வரம்புக்கு வெளியே ஓடுகிறோம் என்ற கறைக்குறியைத் தன்மேல் இட்டுக்கொள்ளும். பின்னால் ஏதேனும் பழுது வந்தால் ஆராய்பவருக்கு அந்தக் குறி போதும். இந்த வகைத் தவறு எரிச்சலூட்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியும், திருத்தவும் முடியும்.

இரண்டாவது வகை அப்படியல்ல. 1994இல் பென்டியத்தின் வகுத்தல் பிழை வெளிப்பட்டபோது, மிதவைப் புள்ளி அலகு உண்டு என்றே அந்தச் சில்லு சொல்லிக்கொண்டிருந்தது. 4195835ஐ 3145727ஆல் வகுத்து, விடையை மீண்டும் அதே எண்ணால் பெருக்கினால் பழுதான சில்லில் 256 குறையும். லினக்ஸ் தொடக்கத்தில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துப் பிழையைக் கண்டுகொண்டது. கால் நூற்றாண்டுக்குப் பின் அந்தப் பழக்கம் எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதை ஆர்.டி.ரேண்ட் விவகாரம் காட்டியது. தற்செயல் எண் தரவேண்டிய அந்தக் கட்டளை, 2019இல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 3000 வரிசையில், பயாஸ் திருத்தம் வரும்வரை எல்லாப் பிட்டுகளும் 1 ஆகவுள்ள ஒரே எண்ணையே திரும்பத் திரும்பத் தந்தது. வசதிப் பிட் உண்டு என்றது. கட்டளையும் வெற்றி என்றே கொடி காட்டியது. தொடக்கத்தில் கெர்னல் அதைச் சில முறை ஓட்டிப் பார்க்கத்தான் செய்தது, ஆனால் பார்த்தது வெற்றிக் கொடியை மட்டும். எண் மாறுகிறதா என்று பார்க்கும் சில வரிகள் அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் சேர்ந்தன. மறையாக்கச் சாவிகளுக்கு ஊற்றாகும் எண் இது என்பதை நினைத்தால், தாமதம் சிறிதல்ல.

எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தால் கணினி எழும்ப எவ்வளவு நேரமாகும் என்று கேட்கலாம். எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லவில்லை. சத்தமில்லாமல் தவறான விடை தரக்கூடிய வசதிகள் சிலவே; தற்செயல் எண்ணும் கணக்கும் மறையாக்கமும் அவற்றில் அடங்கும். பழுதானால் உடனே கணினியை நிறுத்திவிடும் வசதிக்குச் சோதனை தேவையில்லை, அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். இதைவிட வலுவான மறுப்பு, தொடக்கச் சோதனையால் பின்னால் வரும் பழுதைப் பிடிக்க முடியாது என்பது. உண்மைதான். ஏ.எம்.டி.யின் சில பழைய குடும்பங்களில் ஆர்.டி.ரேண்ட் தொடக்கத்தில் ஒழுங்காக ஓடி, கணினி உறங்கி எழுந்த பிறகே கெட்டது. ஹாஸ்வெல் செயலிகளின் டி.எஸ்.எக்ஸ். வசதியை 2014இல் இன்டெல் மைக்ரோகோட் (செயலியின் உள்நிரல்) திருத்தம் மூலம் முடக்கியபோது, அந்தத் திருத்தத்தைக் கணினி ஓடிக்கொண்டிருக்கையில் ஏற்றியவர்களிடம், அவ்வசதி உண்டென்று முன்பே அறிந்து வைத்திருந்த நிரல்கள் விழுந்தன. எக்ஸினோஸ் 8890 என்ற கைபேசிச் சில்லில் பெரிய கருவின் கேஷ் வரி 128 பைட், சிறிய கருவினுடையது 64. ஒன்றில் படித்த அளவை மற்றதில் பயன்படுத்திய நிரல்கள் காரணம் தெரியாமல் முறிந்தன. ஆனால் இவை சோதனை வீண் என்று காட்டவில்லை, ஒரே ஒரு முறை கேட்பது போதாது என்றே காட்டுகின்றன. மைக்ரோகோட்டை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு விசாரிப்பதும், ஏ.ஆர்.எம். லினக்ஸ் எல்லாக் கருக்களையும் கேட்டு அவற்றுக்குப் பொதுவானதை மட்டும் எடுத்துக்கொள்வதும் இந்தக் குறையைச் சரிசெய்யும் வழிகளே.

அப்படியானால் ‘இல்லை’ என்ற விடையையும் கெர்னல் ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்கலாமே என்று தோன்றும். கூடாது. மெய்நிகர் இயந்திரத்தில் சிபியுஐடிக்கு விடை எதுவென்று தீர்மானிப்பது அதை ஓட்டும் ஹைப்பர்வைசர். புதிய சேவையகங்களையும் பழையவற்றையும் கலந்து வைத்திருப்பவர்கள், இயந்திரம் எங்கும் இடம்பெயரும்படி புதிய வசதிகளை வேண்டுமென்றே மறைப்பார்கள். மறைத்ததைக் கெர்னல் தானாகக் கண்டுபிடித்துப் பயன்படுத்தினால், பழைய சேவையகத்துக்கு மாறிய கணத்தில் அது விழும். ஆகவே ‘இல்லை’யை மீறும் உரிமை, ஃபோர்ஸ்பிஏஇ போல, மனிதர் தட்டச்சிடும் ஒரு சொல்லுக்கு மட்டுமே இருக்க வேண்டும். ‘உண்டு’ என்ற விடையைச் சந்தேகிக்கக் கெர்னல் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை.