கடலை இழந்த துறைமுகம்: மலாக்காவின் சுற்றுலா முகம்

பயணக் கையேடுகள் மலாக்காவைக் கடற்கரையோர வரலாற்று நகரம் என அறிமுகம் செய்கின்றன. நகரம் காட்சிப்படுத்தப்பட்டுள்ள முறையை ஒரு பனுவலாகக் கொண்டு நோக்கின், அத்தொடரில் ஐயத்துக்குரியது 'கடற்கரை' என்னும் சொல்லே என்பது புலனாகும்.

போர்த்துக்கீசியர் கோட்டையின் எச்சமாகிய சந்தியாகு வாயில் ஒரு காலத்தில் கடலுக்கு அண்மையில் நின்றது. இன்று அதன் எதிரே பேரங்காடிகள் நிற்கின்றன. இடைப்பட்ட கடல் மண் கொட்டித் தூர்க்கப்பட்டது. 2006இல் 110 மீட்டர் உயரச் சுழல் கோபுரத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது டச்சுக்காரர் காலத்து மிடல்பர்க் கொத்தளம் வெளிப்பட்டது. கோபுரம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டமை பாராட்டத்தக்கதே. ஆயினும், கோபுரத்துக்கு இடம் தேடியபோதுதான் கொத்தளம் கிடைத்தது என்பதை மறத்தலாகாது.

கடல்சார் அருங்காட்சியகத்தின் தெரிவு இன்னும் வியப்பளிப்பது. அது 'ஃபுளோர் டி ல மார்' என்னும் கப்பலின் வடிவில் அமைந்துள்ளது. 1511இல் மலாக்காவில் கொள்ளையிட்ட செல்வத்தைச் சுமந்து சென்று சுமத்திரா அருகே மூழ்கிய கப்பல் அது! கொள்ளை கொண்டு போன கலமே துறைமுகத்தின் அடையாளமாக நிறுத்தப்பட்டிருக்கிறது.

உண்மையில் இத்துறைமுகத்தை ஆக்கியது பருவக்காற்று. தென்மேற்குக் காற்றில் வந்த தமிழ் வணிகர், திரும்புவதற்கு வடகிழக்குக் காற்றை எதிர்நோக்கித் தங்கினர். அக்காத்திருப்பில் இல்லறங்கள் அமைந்தன. மலாய் பேசும் மலாக்கா செட்டிகள் என்னும் சமூகம் உருவாயிற்று. இங்கு 84 மொழிகள் வழங்கியதாகத் தோமே பிரெஸ் குறித்துள்ளார். 'கெலிங்' எனப்பட்ட நம்மவர் உள்ளிட்ட வணிகர்க்கென ஒரு ஷாபண்டார் இருந்ததையும் அவரது குறிப்பால் அறிகிறோம்.

தமிழில் வரும் பயணக் கட்டுரைகளோ, 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலின் தொன்மையைப் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றன. அக்கோயிலுக்கு நிலம் வழங்கிய டச்சு ஆட்சியும், அதே தெருவிலுள்ள 1748ஆம் ஆண்டுப் பள்ளிவாசலும், அவற்றை அருகருகே கொணர்ந்த கடல் வாணிகமும் அவற்றில் இடம்பெறுவது அரிது. மாணவரைக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் செல்லும் ஆசிரியர், கோயில் வாயிலோடு நில்லாமல் பழைய கரை எங்கிருந்தது என்று வரைபடத்தில் காட்டுதல் வேண்டும். பின்னர் உஜோங் பாசிருக்கும் செல்லலாம். கடலை இன்னும் தொழிற்களமாகக் கொண்டுள்ள போர்த்துக்கீசிய வழிவந்த மீனவர் அங்கே வாழ்கின்றனர். கரை தூர்க்கப்படுவதால் தம் மீன்பிடி நீர்ப்பரப்புச் சுருங்குகிறது என்பது அவர்களின் நெடுநாள் முறையீடு.