தட்டப்படாத சுவர்: கனஃபானியின் ‘வெயிலில் மனிதர்கள்’

கஸ்ஸான் கனஃபானியின் ‘ரிஜாலுன் ஃபிஷ்ஷம்ஸ்’ (வெயிலில் மனிதர்கள்) என்னும் குறுநாவல் 1963ஆம் ஆண்டு பெய்ரூத்தில் வெளிவந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அரபு விமர்சகர்களின் கவனம் அதன் இறுதிப் பக்கத்தை விட்டு நகர்ந்ததாகத் தெரியவில்லை. அபூ கைஸ், அஸ்அத், மர்வான் ஆகிய மூன்று ஃபலஸ்தீனர்கள் பஸ்ராவிலிருந்து களவாகக் குவைத்துக்குள் நுழைய முயல்கின்றனர். அபுல் கைஸுரான் என்பவன் தனது தண்ணீர் லாரியின் வெற்றுத் தொட்டிக்குள் அவர்களை மறைத்து எல்லையைக் கடக்கிறான். குவைத்தின் சோதனைச் சாவடியில் அதிகாரி ஒருவர் பஸ்ராவின் நடனக்காரி ஒருத்தியை முன்வைத்து அவனிடம் வேடிக்கை பேசிக் கையெழுத்தைத் தாமதப்படுத்துகிறார். ஆகஸ்ட் மாத வெயிலில் மூவரும் தொட்டிக்குள்ளேயே இறந்துவிடுகின்றனர். சுவரை ஏன் தட்டவில்லை என்று ஓட்டுநன் கதற, கதை முடிகிறது.

அக்கேள்வியை நூலாசிரியரின் கேள்வியாகவே கொள்வது வழக்கமாகிவிட்டது. 1948ஆம் ஆண்டுப் போரில் ஆண்மையை இழந்த ஓட்டுநன் கையாலாகாத தலைமைக்கும், ஓசையின்றி மாண்ட மூவர் எதிர்ப்பற்ற மக்களுக்கும் குறியீடுகளாக்கப்பட்டனர். இவ்வாசிப்பில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அது மாண்டவர்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். தட்டியிருந்தால் கதவைத் திறப்பவர் யார்? எந்த அதிகாரியின் கண்ணில் படாதிருக்க அவர்கள் தொட்டிக்குள் இறங்கினார்களோ அதே அதிகாரி. தாளில்லாதவன் எழுப்பும் ஓசை அவனுடைய இருப்பை மட்டுமன்று, அவனுடைய குற்றத்தையும் அறிவித்துவிடுகிறது.

இதற்கான சான்று நூலுக்குள்ளேயே கிடக்கிறது. ஏனோ அது போதிய கவனம் பெறவில்லை. பதினாறு வயது மர்வான் பஸ்ராவில் ஆள்கடத்தும் பருத்த வணிகனைச் சந்திக்கும் காட்சியைச் சொல்கிறோம். அவன் கேட்பது 15 தீனார்; சிறுவனால் தரக்கூடியது 5 தீனார். காவல்துறையிடம் சொல்லிவிடுவேன் என்று மர்வான் மிரட்டுகிறான். மறுகணமே கன்னத்தில் அறை விழுகிறது. வணிகன் அஞ்சவில்லை. காவல் நிலையத்தின் வாசல் எவருக்குத் திறக்கும், எவரை விழுங்கும் என்பதை அவன் நன்கறிந்தவன். மர்வான் ஒருமுறை தட்டிப் பார்த்தவன்தான் என்பதே நமது வாசிப்பு. தொட்டிக்குள் அவன் காத்த மௌனம் கோழைத்தனமன்று, அந்த அறையில் கற்ற பாடம்.

கதை மூவரின் சட்டநிலையை விரித்துரைப்பதில்லை. எல்லையைக் கடக்க உதவும் தாள் அவர்களிடம் இல்லை என்பதோடு நின்றுகொள்கிறது. ஆயினும் அதை எழுதியவர் அந்நிலையை உடலால் அறிந்தவர். 1936இல் அக்காவில் பிறந்த கனஃபானி பன்னிரண்டு வயதில் அகதியானார். இக்குறுநாவல் உருவான காலத்தில், 1962இல், உரிய ஆவணங்கள் இல்லாமையால் பெய்ரூத்தில் அவரே தலைமறைவாக இருக்க நேர்ந்தது. தம் வீட்டுச் சுவரை அவர் தட்டினாரா? அதிகாரிகள் அறியாதிருக்க ஓசையின்றி அடைந்து கிடந்த ஒருவர்தாம் அந்தக் கேள்வியை எழுதினார். ஆகவே அதனை மக்கள்மீது சாட்டிய பழியாகக் கொள்வதினும், அவர் தம்மையே வதைத்துக்கொண்ட வினாவாகக் கொள்வதே பொருந்தும்.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் 1925ஆம் ஆண்டு ஆணையால் ஃபலஸ்தீனக் குடியுரிமை என்று ஒன்று சட்டப்படி இருந்தது. அதன் பெயரில் கடவுச்சீட்டும் வழங்கப்பட்டது. இஸ்ரேலின் 1952ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவ்வாணையை 1948 முதலே செல்லாதெனப் பின்தேதியிட்டு நீக்கியது. துரத்தப்பட்டு வெளியே இருந்தவர்களால் புதிய சட்டம் கோரிய வசிப்பு நிபந்தனையை நிறைவேற்ற இயலவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமைக்கு உரிமை உண்டு என்று மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் பிரிவு கூறியதும் அதே 1948இல்தான். அதனை வழங்கும் கடமை எந்த நாட்டுக்குரியது என்று அப்பிரிவு கூறவில்லை. நாடற்றோரைக் காக்க 1954இல் எழுந்த உடன்படிக்கையோ, வேறொரு ஐ.நா. அமைப்பின் உதவியைப் பெற்றுவருவோரைத் தன் வரம்பிலிருந்து விலக்கியது. ஃபலஸ்தீன அகதிகளுள் மிகப் பலர் இவ்வாறு வெளியே நின்றனர்.

அரபு அரசுகளை இதில் எளிதாக விடுவித்துவிட முடியாது. ஜோர்தான் நீங்கலாக, அவை அகதிகளுக்குப் பெருமளவில் குடியுரிமை வழங்கவில்லை. வழங்கினால் தாயகம் திரும்பும் உரிமை வலுவிழக்கும் என்பது அவற்றின் வாதம். அதை நாம் முற்றாகப் புறந்தள்ளவில்லை. அகதிகளுள்ளும் பலர் அவ்வாறே கருதினர். ஆனால் திரும்பும் உரிமையைக் காப்பதற்காக, இருக்கும் இடத்தில் உழைக்கவும் பயணம் செய்யவும் உள்ள உரிமையைப் பறிக்க வேண்டியதில்லை. குடியுரிமை தராமலே இவ்வுரிமைகளை அளிக்கலாம் என்று 1965ஆம் ஆண்டின் காஸாபிளாங்கா நெறிமுறை ஒப்புக்கொண்டது. குவைத்தும் லெபனானும் அதனையும் வரையறைகளோடுதான் ஏற்றன. குவைத்தின் 1959ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறாத பாலைவன மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் ‘பிதூன்’, அதாவது ‘இல்லாதவர்’, என்றே அங்கு அழைக்கப்படுகின்றனர். மூவரும் சென்றடைய விரும்பிய நாட்டிலேயே தாளற்ற ஒரு கூட்டம் பிறந்துகொண்டிருந்தது.

தவ்ஃபீக் ஸாலிஹ் 1972இல் சிரியாவில் இயக்கிய ‘அல்மக்தூஊன்’ (ஏமாற்றப்பட்டவர்கள்) திரைப்படம் நாவலின் முடிவை மாற்றியது. அதில் மூவரும் தொட்டியைத் தட்டுகிறார்கள். சாவடியின் குளிர்சாதனப் பெட்டிகளின் இரைச்சலில் அவ்வோசை எவர் செவியையும் எட்டுவதில்லை. மூலத்துக்கு இழைத்த துரோகம் என்று இதனைக் குறைகூறுவோர் உண்டு. நமக்கோ, நாவல் மறைத்து வைத்த விடையைப் படம் வெளிக்கொணர்ந்ததாகவே தோன்றுகிறது. படம் வெளிவந்த அதே 1972இன் ஜூலையில், பெய்ரூத்தில் காரில் வைக்கப்பட்ட குண்டுக்குக் கனஃபானி பலியானார். அவருடைய உடன்பிறந்தாளின் மகளும் உடன் மாண்டாள்.

நாவலின் இறுதிப் பகுதியில் வேறொரு நுட்பமும் உண்டு. இரவில் ஓட்டுநன் சடலங்களைப் பாலையில் புதைக்க முதலில் எண்ணுகிறான். களைப்பால் அதைக் கைவிடுகிறான். நகராட்சியின் குப்பை வண்டிகள் வந்து கொட்டும் இடத்தில் அவற்றைப் போடுகிறான். விடிந்ததும் எவரேனும் காண்பர், அரசே முறைப்படி அடக்கம் செய்யும் என்பது அவனுடைய கணக்கு. சடலங்களின் பைகளிலிருந்த பணத்தையும் மர்வானின் கைக்கடிகாரத்தையும் அவன் மறவாமல் எடுத்துக்கொள்கிறான். எடுப்பதற்கு அடையாளத் தாள் எதுவும் அங்கே இருக்கவில்லை.