பள்ளி அடுப்பும் பக்கத்து வயலும்

மதுரை கோச்சடையிலிருந்து மேற்கே துவரிமான் கடந்தால் வயல் தொடங்கிவிடும். சோழவந்தான் பக்கம் பெரியாறு பாசனத்தில் நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும்; தெற்கே தே.கல்லுப்பட்டி, பேரையூர் மானாவாரியில் குதிரைவாலி. வைகைக்கு வடகரையில் பரவைக் காய்கறிச் சந்தை. இத்தனை விளைச்சல் சுற்றியிருக்கும் ஊரில், பள்ளிக்கூடத்துச் சோறு யார் வயலில் விளைந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வழியில்லை. அரிசியும் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கிலிருந்து வருகின்றன. முட்டைக்கு அரசு ஒப்பந்தப்புள்ளி.

இதைக் குறையாக மட்டும் பார்ப்பது நன்றிகெட்டதனம். 1956இல் காமராஜர் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்த திட்டம், மழை பொய்த்த ஆண்டிலும் நின்றதில்லை. ஊருக்கு ஊர் விளைச்சலை நம்பியிருந்தால் வறண்ட வட்டாரத்துப் பிள்ளைகள்தான் முதலில் பட்டினி கிடந்திருப்பார்கள். ஊழியருக்கு அரசு சம்பளம் தருகிறது. அரிசிக்கும் பருப்புக்கும் சமைக்கிறவர் கைக்காசு போட வேண்டியதில்லை.

இலங்கையில் அமைப்பே வேறு. அங்கே பாடசாலை உணவைப் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், பல இடங்களில் மாணவர்களின் தாய்மாரே, ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில் சமைத்துக் கொடுக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியையொட்டிய காலத்தில் உலக உணவுத் திட்டமும் இலங்கை அரசும் சேர்ந்து இந்தப் பெண்களையே விவசாயிகளாக்கும் வேலையைக் கையிலெடுத்தன. மன்னார், முல்லைத்தீவு, மொனராகலை, மாத்தளை போன்ற மாவட்டங்களில் சமையல் பொறுப்பேற்ற பெண்களுக்குக் கோழிகளும் கூடுகளும் வீட்டுத் தோட்டத்துக்கான உதவியும் கிடைத்தன. தன் கோழி இட்ட முட்டையும் தன் தோட்டத்துக் கீரையும் கத்தரிக்காயும் பாடசாலைக்குப் போக, மிஞ்சியதைச் சந்தையில் விற்றுக்கொள்ளலாம். போரில் எல்லாம் இழந்த வடஇலங்கையின் வன்னிப் பெண்ணுக்கு இது வருமானம். அவள் பிள்ளைக்கோ, தட்டில் இருக்கும் கீரையின் செடியை நேரில் தெரியும். உணவுக் கல்விக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

வகுப்பறையிலும் இலங்கையர் ஒரு படி முன்னே நிற்கிறார்கள். நம் பத்தாம் வகுப்புத் தேர்வு போன்ற சாதாரண தரத்தில் விவசாயத்தையும் உணவுத் தொழில்நுட்பத்தையும் ஒரே பாடமாகத் தெரிவு செய்து படிக்கலாம். பாடசாலைத் தோட்டம் அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசு முயற்சியாக வேர்விட்டது. நம்மிடம் வேளாண் அறிவியல் மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவோடு ஒதுங்கிக் கிடக்கிறது. காய்கறித் தோட்டம் நன்றாக இருக்கும் பள்ளிகள் இங்கும் உண்டு. ஆர்வமுள்ள தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனால் தோட்டமும் காய்ந்துவிடுகிறது.

ஆனால் இலங்கை முறையின் பாரம் முழுவதும் அந்தப் பெண்ணின் தோளில் இருக்கிறது. விலைவாசி ஏறிய காலத்தில் ஒரு சாப்பாட்டுக்கான தொகை கட்டுபடியாகவில்லை. பணம் வரத் தாமதமானால் கடைக்காரரிடம் கடன் சொல்லித்தான் உலை வைக்க வேண்டும். நம் பக்கத்துக் கிடங்கு தரும் உறுதி அங்கே இல்லை. அதனால் இலங்கை முறையை அப்படியே இங்கே பெயர்த்து நடச் சொல்ல மாட்டேன். அரிசியும் பருப்பும் கிடங்கிலிருந்தே வரட்டும். காயும் கீரையும் சிறுதானியமும் பக்கத்து வயலிலிருந்து வர வேண்டும் என்பதே என் வாதம்.

அதற்கான வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ அந்தப் பகுதியில் விளையும் சிறுதானியமோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உள்ளூரில் கிடைக்கும் காய்கறி என்று திட்டமே சொல்கிறது. கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். வன்னியில் கோழிக்கூடு பெற்ற தாய்க்கும் இவர்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு துண்டுத் தோட்டமும் அதற்கான உதவியும்தான். நகரத்துக்குள் மைய சமையற்கூடத்தில் சமைத்து வண்டியில் அனுப்புகிறார்கள். அங்கே தோட்டத்துக்கு இடமில்லை. கொள்முதலை மாற்ற இடமிருக்கிறது.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையும் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது, 1999 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் நாளில். அடையாள அட்டையுள்ள விவசாயி, அன்றன்று எழுதிப்போடும் விலை, இடைத்தரகர் இல்லாத விற்பனை என்று பள்ளிக் கொள்முதலுக்கு வேண்டிய எல்லாம் அங்கே உண்டு. மாநகராட்சியும் வேளாண் வணிகத் துறையும் உட்கார்ந்து பேசி, சமையற்கூடத்துக்கு வேண்டிய காய்கறியில் ஒரு பங்கையாவது உழவர் சந்தை விவசாயிகளிடம் வாங்கட்டும். அந்த விவசாயியை வருடத்தில் ஒருநாள் பள்ளிக்கு அழைத்துப் பேச வையுங்கள்; இன்னொரு நாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் துவரிமான் வயலுக்குக் கூட்டிப்போங்கள். பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுங்கள்.