மூன்று கூம்புகளும் தராத புகையிலையும்

டேவிட் டக்ளஸின் நாட்குறிப்பை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். செடிப் பட்டியல், மழை, நடந்த மைல் கணக்கு, மறுபடியும் மழை. இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவையும் மூடி வைத்தவன் நான். மூன்றாவது முறை நேராக 1826 அக்டோபர் 26-ஆம் தேதிக்குப் போனேன். அதற்கப்புறம் முன்னும் பின்னுமாக முழுசையும் படித்துவிட்டேன்.

டக்ளஸ் 1799-ல் ஸ்காட்லாந்தின் ஸ்கோனில் பிறந்தவர். சிறுவனாகவே அங்கிருந்த அரண்மனைத் தோட்டத்தில் வேலை பழகியவர். லண்டன் தோட்டக்கலைச் சங்கம் 1824-ல் அவரை அமெரிக்காவின் வடமேற்குக்கு, கொலம்பியா ஆற்றுப் பக்கம் அனுப்பியது. விதை சேகரித்து ஊருக்கு அனுப்புவதுதான் வேலை. இன்று செடியும் விலங்குமாக 80-க்கும் மேற்பட்ட உயிரினங்களின் பெயரில் ‘டக்ளஸியை’ என்று அவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையில் ஆரம்பித்து, தனியாகக் காட்டுக்குள் போன வீரன் என்று முடிப்பார்கள். நாட்குறிப்பு காட்டும் ஆள் வேறு. அவர் தனியாகவே இல்லை.

1825-ல் நடந்ததைப் பாருங்கள். பூர்வகுடிகள் புகையிலையை யார் கண்ணிலும் படாமல் காட்டுக்குள் ஒளித்துப் பயிரிட்டார்கள். டக்ளஸ் அப்படி ஒரு பாத்தியைக் கண்டுபிடித்துச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். வழியில் தோட்டக்காரரே எதிரில் வந்துவிடுகிறார். திருட்டு மாட்டிக்கொண்டது. ஐரோப்பியப் புகையிலையில் இரண்டு விரல் நீளம் கொடுத்துச் சமாதானம் செய்கிறார் டக்ளஸ். அப்புறம் அந்த மனிதர், மரச்சாம்பல் போட்டால் செடி எப்படி வளரும் என்று அவருக்குப் பாடமே எடுக்கிறார். முறையாகப் பயிற்சி பெற்ற தோட்டக்காரன் கேட்டு எழுதிக்கொள்கிறான். தன் திருட்டை டக்ளஸ் மறைக்கவுமில்லை, அதற்காக வருந்தவுமில்லை.

அந்த வருடமே இன்னொருவரின் புகையிலைப் பையில் பெரிய பைன் விதைகளைப் பார்க்கிறார். கொட்டை மாதிரி தின்பதற்காக வைத்திருந்தவை. மரம் தெற்கே மலைகளில் இருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். ஆக, இந்த மரம் ‘கண்டுபிடிக்கப்பட்டது’ ஒருவருடைய பைக்குள்.

இப்போது 1826 அக்டோபர் 26. இன்றைய ஒரேகானில், அம்ப்குவா ஆற்றுப் பகுதி. காலையில் எதிர்ப்பட்ட ஒரு பூர்வகுடி மனிதர் வில்லை நாணேற்றுகிறார். டக்ளஸ் துப்பாக்கியைத் தரையில் வைக்கிறார். அவரும் வில்லைக் கீழே வைக்கிறார். புகைக்கக் கொடுத்து, மணிகள் கொடுத்து, பென்சிலால் பைன் கூம்பையும் மரத்தையும் வரைந்து காட்டுகிறார் டக்ளஸ். அந்த ஆள் படத்தைப் பார்த்துத் தெற்கே மலைகளைக் கை காட்டுகிறார், கூடவும் நடக்கிறார். நாட்குறிப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

நடுப்பகலில் மரங்கள் வந்துவிடுகின்றன. விழுந்து கிடந்த ஒன்றை அளக்கிறார்: நீளம் 215 அடி, அடிமரச் சுற்றளவு 57 அடி 9 அங்குலம். கூம்புகள் எட்டாத உயரத்தில் தொங்கியதால் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துகிறார். சத்தம் கேட்டு ஆயுதங்களோடு எட்டுப் பேர் வந்துவிடுகிறார்கள். ஒருவர் நாணேற்றுகிறார், இன்னொருவர் கல்கத்தியைத் தீட்டுகிறார். டக்ளஸ் துப்பாக்கியைத் தயாராகப் பிடித்தபடி நிற்கிறார். பத்து நிமிடம் போல யாரும் அசையவில்லை. கடைசியில் அவர்களின் தலைவர் புகையிலை வேண்டும் என்று சைகை காட்டுகிறார். கூம்பு கொண்டுவந்தால் தருகிறேன் என்கிறார் டக்ளஸ். அவர்கள் தேடப் போனதுதான் தாமதம், கையிலிருந்த மூன்று கூம்புகளையும் சில கிளைகளையும் அள்ளிக்கொண்டு ஓட்டம்.

வாக்குக் கொடுத்தார். புகையிலை தரவில்லை. பயம் நியாயமானது, நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆனால் சாகசக் கதைகளில் இந்த இடம் சமயோசிதம் என்று பாராட்டப்படும்போது எரிச்சல் வருகிறது. நாட்குறிப்பு அப்படி எந்தப் பாராட்டும் கேட்கவில்லை. பிசின் மரத்துண்டைக் கொளுத்தி, பக்கத்தில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறார். இந்த உரைநடையின் பலம் அதுதான்: தன்னை வக்காலத்து வாங்காதது.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பை வைத்திருந்தவர், வழிகாட்டியவர், எட்டுப் பேர் எவருக்கும் பெயர் இல்லை. மரத்துக்கு டக்ளஸ் வைத்த பெயர் பைனஸ் லாம்பர்ட்டியானா. லாம்பர்ட் லண்டனில் பைன்கள் பற்றிப் பெரிய புத்தகம் போட்ட பணக்காரர். அந்த மலைப் பக்கம் எட்டிப்பார்க்காதவர்.

ஆபீஸில் ‘கிட் பிளேம்’ போட்டுப் பார்த்தால், ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவன் பெயர்தான் வரும், யோசித்தவன் பெயர் வராது. தாவரப் பெயரும் ஏறக்குறைய அப்படித்தான். இந்த விளையாட்டு டக்ளஸையும் விடவில்லை. உலகமே டக்ளஸ் ஃபிர் என்று அழைக்கும் மரம் தாவரவியல்படி ஃபிர்ரே இல்லை. அதன் பேரினப் பெயரான சூடோட்சூகாவுக்குப் ‘போலி ஹெம்லாக்’ என்று அர்த்தம். பல பெயர்கள் மாறி, கடைசியில் 1950-ல் அது சூடோட்சூகா மென்சியேசியை ஆனது. அவருக்கு முன்பே அதைச் சேகரித்திருந்த கப்பல் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மென்சீஸின் பெயர் அது.

1833-ல் ஃபிரேசர் ஆற்றில் படகு நொறுங்கிச் சுமார் 400 செடி மாதிரிகளோடு அவருடைய குறிப்பேடுகளும் போய்விட்டன. ஆகவே 1914-ல், அவர் இறந்து 80 வருடம் கழித்து அச்சான நாட்குறிப்பு 1827-உடன் நின்றுவிடுகிறது. அதற்கப்புறமான பயணங்களில் யாருக்கெல்லாம் புகையிலை கொடுத்தார், யாரிடமெல்லாம் கொடுக்காமல் ஓடினார் என்று படிக்க வழியில்லை.

1834 ஜூலை 12 அன்று ஹவாயில், மௌனா கியா மலைச்சரிவில், காட்டு மாடுகளைப் பிடிக்க வெட்டிய குழியில் அவர் உடல் கிடந்தது. உள்ளே ஒரு காளையும் இருந்தது. கொலையா விபத்தா என்று இன்னும் பேசுகிறார்கள். அந்த இடத்தை ஹவாய் மொழியில் ‘கா லுவா கவுகா’ என்கிறார்கள், டாக்டரின் குழி. அவர் டாக்டரும் இல்லை. சுற்றிலும் பின்னாளில் டக்ளஸ் ஃபிர் நட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அங்கே அவர் கூட வந்தது பில்லி என்ற சின்ன நாய் மட்டும்தான். ஆட்கள் வந்தபோது அது பாதையோரம் அவருடைய மூட்டைக்குக் காவல் இருந்தது.