தேறலும் தோட்டத்துக் கள்ளும்

மதுவின் சுவையறிதல் தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பொற்கலத்தில் அருந்தி இனிது வாழுமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். 235ஆம் பாடலில் அதியமானுக்காக இரங்கும் ஔவையார், கள் சிறிதாயின் அவன் தமக்கே ஈந்ததையும், மிகுதியாயின் தாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்டதையும் நினைவுகூர்கிறார். வள்ளுவரோ ‘கள்ளுண்ணாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார்.

கள்ளுக்கடையைக் காட்டும் நம் தோட்டக் கதைகளுட் பல வள்ளுவர் வழியையே பற்றின. குடித்தவன் கெட்டான், மனைவி கண்ணீர் வடித்தாள், கதை முடிந்தது. அறம் சரியே, ஆயினும் காட்சி முழுமையன்று.

திராட்சை மதுவை ஆண்டுக்கணக்கில் வைத்துச் சுவைக்கலாம். கோல சிலாங்கூர்க் கடலோரத்துத் தென்னங்கள்ளோ ஒரு நாள் கடந்தால் புளித்துக் காடியாகும். அன்றைய கூலியும் களைப்பும் அன்றைய கள்ளும் ஒன்றாகவே தீர்ந்தன. அதியமான் கள்ளைப் பகிர்ந்தான்; தோட்டத்திலோ வேலை, கூலி, லயத்து வீடு மூன்றையும் ஆண்ட நிர்வாகத்தின் எல்லைக்குள்ளேயே, அரசு உரிமத்தோடு, கள் விற்கப்பட்டது. இந்த வேறுபாட்டைக் காணாத கதை, குடித்தவனை மட்டுமே குற்றவாளியாக்குகிறது.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்து சிலாங்கூர்த் தோட்டங்களிற் பரவிய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் கோரிக்கையாயிற்று. கேட்டவர்கள் தொழிலாளர்களே. கடைக்கு நடந்த கால்களே அதனை மூடச் சொல்லியும் நடந்தன. அவ்விரு நடையையும் ஒரே மனிதனிடம் காட்டும் கதையே தோட்டத்து வாழ்வுக்கு நேர்மையான இலக்கியமாகும்.