கண்ணாடிக்குள் அடங்காத காணிக்கைகள்

பண்டைய கிரேக்கப் பயண எழுத்தில் வரும் அந்நியர் எல்லாரும் கிரேக்கர் தம் முகம் பார்க்கச் செய்துகொண்ட கண்ணாடிதான் என்பது இன்று பலரும் யோசிக்காமல் ஒப்பிக்கும் பாடம். அதற்கு மூலம் பிரான்சுவா ஆர்டோக் 1980இல் வெளியிட்ட ‘ஹெரோடோட்டஸின் கண்ணாடி’. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் நூலில் சித்தியர் என்ற நாடோடி மக்கள் பற்றிய பகுதியை ஆர்டோக் வாசித்த கூர்மையை நான் மறுக்கவில்லை. அந்த ஒரு சாவியைக் கொண்டு எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்க்கும் பின்வந்தவர்களோடுதான் எனக்கு வழக்கு. கோயில் காணிக்கைகள் வரும் பக்கங்களை அவர்கள் வேகமாகத் தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

ஹெரோடோட்டஸுக்கு முந்தைய பயண எழுத்தாளர் ஹெகடேயஸ் துண்டு துண்டாகவே எஞ்சியிருக்கிறார். அவரிடம் நிற்க வேண்டியதில்லை. ஹெரோடோட்டஸிடம் நின்றே ஆகவேண்டும். லிடிய மன்னன் குரோசஸ் டெல்ஃபிக்கு அனுப்பிய தங்கச் சிங்கத்தின் எடை 10 தாலந்து. கோயில் தீப்பிடித்தபோது அது விழுந்து உருகி, ஆறரைத் தாலந்தாகக் குறைந்து, கொரிந்தியரின் கருவூலத்தில் கிடக்கிறது என்று கணக்கு எழுதுகிறார். அங்கேயே ஒரு தங்கத் தீர்த்தப் பாத்திரம். ஸ்பார்ட்டாக்காரர் கொடுத்ததாக அதில் பொறித்திருக்கிறது. அது பொய், அதுவும் குரோசஸ் கொடுத்ததே என்கிறார். பொறித்த டெல்ஃபிக்காரன் யாரென்று தெரிந்தும் பெயரைச் சொல்லாமல் விடுகிறார். அந்நியனுக்குரிய பெருமையை ஒரு கிரேக்கன் இன்னொரு கிரேக்கருக்கு எழுதி வைத்தபோது, அந்நியன் பக்கம் நின்று சாட்சி சொல்லும் எழுத்து இது. இதில் எங்கே கண்ணாடி?

எகிப்திய மன்னன் அமாசிஸ் ரோட்ஸ் தீவின் லிண்டோஸ் கோயிலுக்கு ஒரு நார்த்துணிக் கவசம் கொடுத்தான். அதன் ஒவ்வொரு நூலும் 360 இழைகள் சேர்ந்தது என்கிறார் ஹெரோடோட்டஸ். கி.மு. 99இல் லிண்டோஸ்காரர்கள் தங்கள் கோயிலின் பழைய காணிக்கைகளைக் கல்லில் பட்டியலிட்டபோது, இந்தக் கவசத்துக்கு ஹெரோடோட்டஸையே சாட்சியாகக் காட்டினார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் முசியானஸ் அதைப் பார்த்துவிட்டு, ஒரு நூலுக்கு 365 இழை என்றார். வருகிறவர்கள் எல்லாம் இழையைப் பிரித்துச் சோதித்ததில் கவசம் கிழிசலாக மட்டுமே மிஞ்சியிருந்தது என்று அவர் சொன்னதை ரோமானிய நூலாசிரியர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். எகிப்தியக் கைவேலையை நம்ப முடியாமல் விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தவர்களின் வியப்பு இது. தன்முகம் பார்க்கும் ஆசை என்று இதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தவர் பாசனியாஸ். வெறும் வழிகாட்டிப் புத்தகம் எழுதியவர் என்று அவரை நெடுங்காலம் ஓரங்கட்டியது பெரும் அநியாயம். இரண்டாம் நூற்றாண்டில் அவர் டெல்ஃபிக்குப் போனபோது லிடிய மன்னர்களின் காணிக்கைகளில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது: குரோசஸின் தந்தை அலியாட்டஸ் கொடுத்த கிண்ணத்தின் இரும்புத் தாங்கி. டெல்ஃபியின் தங்கத்தை போகிஸ்காரர்கள் கி.மு. நான்காம் நூற்றாண்டுப் போரில் கூலிப்படைக்காக உருக்கிவிட்டார்கள். பாசனியாஸ் அந்தத் தாங்கியின் பக்கத்தில் நின்று பார்க்கிறார்: ஆணி இல்லை, முளை இல்லை, தகடுகள் பற்றவைப்பால் மட்டுமே சேர்ந்து நிற்கின்றன. செய்தவர் கியோஸ் தீவின் கிளாகஸ். கிரேக்கக் கொல்லன் செய்து, லிடிய மன்னன் கொடுத்து, கிரேக்கத் தெய்வத்தின் முன் நின்ற பொருள் அது. ‘தாம், பிறர்’ என்ற கோட்டை அந்தத் தாங்கியின் எந்தத் தகட்டில் கிழிப்பது?

எனக்கு மிகப் பிடித்தது கிரேக்க மொழி எழுத்தாளர் லூசியன் பெயரில் வழங்கும் ‘சிரியத் தெய்வம்’. இன்றைய மன்பிஜ் இருக்கும் இடத்தில் இருந்த ஹியராபோலிஸ் கோயிலைப் பற்றியது. ஹெரோடோட்டஸின் அயோனியக் கிரேக்கத்திலேயே எழுதியவர், தாம் அசீரியர் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அரேபியா, ஃபினீசியா, பாபிலோன், கப்படோசியா எனப் பல நாட்டுச் செல்வம் அங்கே வந்து சேர்வதைச் சொல்கிறார். அவ்வூர் இளைஞர்கள் தம் முடியைக் கத்தரித்து, வெள்ளி அல்லது தங்கக் கலத்தில் இட்டு, பெயரைப் பொறித்துக் கோயிலில் வைப்பார்கள். தாமும் இளமையில் அப்படிச் செய்ததாகவும், அந்த முடியும் பெயரும் இன்னும் அங்கே இருப்பதாகவும் கடைசியில் எழுதுகிறார். பார்க்கப்பட்டவரே எழுதுகோலை எடுத்துவிட்ட நூல் இது. இதை ஹெரோடோட்டஸ் மீதான பகடி என்று ஒதுக்குகிறவர்கள், அந்தக் கடைசி வரியில் கேலி எங்கே இருக்கிறது என்று காட்டட்டும்.